கண்மாய்க்குள் ஓர் ஏவுதளம்

மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் பத்துப் பேர் நிரல் ஏற்றிய ஒரு சின்ன மின்னணுப் பலகை, 2022 ஆகஸ்ட் 7 ஞாயிற்றுக்கிழமை காலை 9.18 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் இப்படிப் பங்கு போட்டுச் செய்த கருவிகளை, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு எட்டு கிலோ எடையுள்ள ஒரே செயற்கைக்கோளாகக் கோத்திருந்தது. அதன் பெயர் ஆசாதிசாட். அதை ஏற்றிச் சென்ற எஸ்எஸ்எல்வி, இஸ்ரோவின் புதிய சிறிய ராக்கெட். அதற்கு அது முதல் பயணம். மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் ஒழுங்காக எரிந்தன. ஆனால் இரண்டாம் அடுக்கு கழன்று பிரிந்தபோது எழுந்த அதிர்வு, முடுக்கத்தை அளக்கும் உணரிகளின் வரம்பைக் கண நேரம் தாண்டிவிட்டது. உணரிகள் பழுதாகிவிட்டன என்று கணினி முடிவு கட்டியது. அவற்றை ஒதுக்கிவிட்டு மாற்று வழியில் ராக்கெட்டைச் செலுத்தியது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாக அமைந்திருக்க வேண்டிய பாதை, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த நீள்வட்டமாகிவிட்டது. அந்த உயரத்தில், செயற்கைக்கோளை இழுத்து விழச்செய்யும் அளவுக்குக் காற்று உண்டு. ஆசாதிசாட் நிலைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 அதே ரக ராக்கெட்டில் ஏறி 450 கிலோமீட்டர் சுற்றுப்பாதையைச் சரியாக எட்டியது. அடுத்த ஒன்பதாம் நாள், செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து, மாணவர்கள் உருவாக்கிய 150 பிகோ செயற்கைக்கோள்களுடன் ஒரு ஹைப்ரிட் ராக்கெட் ஏவப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ராக்கெட்டுக்கும் இடையே இத்தனை நெருக்கம் இதற்கு முன் இருந்ததில்லை. மதுரைக்காரர்கள் பெருமைப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது.

ஆனாலும் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. இந்த ஏற்பாடுகளிலெல்லாம் பிள்ளைகள் செய்வது ராக்கெட்டுக்குள் வைக்கும் கருவியை. ராக்கெட்டை வேறு யாரோ செய்கிறார்கள். அது பறப்பதும் ஆண்டுக்கு ஒருமுறைதான். பறத்தல் என்பதைக் கற்றுக்கொள்ள அது போதவே போதாது. காலை ஏழு மணிக்கு ஒன்றை ஏவ வேண்டும். அது சாய்ந்து போனால் ஏன் சாய்ந்தது என்று யோசித்து, துடுப்பைத் திருத்தி, ஏழரைக்கு மறுபடியும் ஏவ வேண்டும். உலகில் பல நாடுகளில் மாதிரி ராக்கெட் மன்றங்கள் விடுமுறை நாட்களில் செய்வது இதைத்தான்.

அந்த ராக்கெட்டில் பெரிய பொருள் எதுவும் கிடையாது. உடல், காகிதத்தைச் சுருட்டிச் செய்த குழாய். துடுப்புகள், பால்சா என்னும் லேசான மரத்தகடு. மூக்கு, பிளாஸ்டிக் அல்லது கட்டை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் பாராசூட்டும், சூட்டில் அது உருகிவிடாமல் காக்கும் தீப்பிடிக்காத காகிதமும். உலோகம் ஏறத்தாழ இல்லை. மோட்டார் மட்டும் ஆலையில் செய்து விலைக்கு வருவது. 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம் கொண்ட அட்டைக் குழாய். அடியில் களிமண்ணால் ஆன துளை, அதற்கு மேல் இறுக்கி அழுத்திய கருமருந்து.

மோட்டாரின் மேல் ‘சி6-5’ என்று அச்சிட்டிருந்தால் அதுவே அதன் ஜாதகம். ‘சி’ என்றால் அது தரும் மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கியது, 5-க்கு மேல் 10 நியூட்டன்-வினாடி வரை. ‘ஏ’ வகுப்பின் உச்ச வரம்பு 2.5, ‘பி’ வகுப்புக்கு 5. ஒவ்வோர் எழுத்துக்கும் வரம்பு இரட்டிக்கும். ‘6’ என்பது சராசரி உந்துவிசை ஆறு நியூட்டன். கடைசியில் உள்ள ‘5’தான் எனக்கு மிகவும் பிடித்த எண். மருந்து எரிந்து முடிந்ததும் மோட்டார் ஓய்ந்துவிடாது. உந்துதல் தராமல் புகை மட்டும் விடும் ஒரு மருந்து ஐந்து வினாடிகளுக்கு மெதுவாக எரியும். ராக்கெட் அதுவரை தன் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும். அது உச்சியை எட்டும் நேரத்தில் மோட்டாரின் மேல்முனையில் உள்ள சிறு வெடிமருந்து வெடித்து, மூக்கைக் கழற்றிப் பாராசூட்டை வெளியே தள்ளும். கணினியும் மின்கலமும் இல்லாமல், மருந்து எரியும் வேகத்தையே கடிகாரமாக்கியிருக்கிறார்கள்.

இந்த அமைப்பு வந்த விதம் நமக்கு முக்கியம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செருப்புக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல், வாணவேடிக்கையில் ஈடுபாடு உள்ளவர். 1954 வாக்கில் மாற்றிப் பொருத்தக்கூடிய மோட்டார் கொண்ட சிறு ராக்கெட்டை உருவாக்கினார். ஒயிட் சேண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் அப்போது ஒரு கவலையை எழுதிக்கொண்டிருந்தார்: இளைஞர்கள் வீட்டிலேயே மருந்து கலந்து, இரும்புக் குழாயில் அடைத்து, கையையும் கண்ணையும் இழக்கிறார்கள் என்று. அதைப் படித்த கார்லைல், 1957 தொடக்கத்தில் தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். அந்த அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தது. ராக்கெட் செய்யாத சிறுவன் அமெரிக்காவில் இல்லை என்னும் நிலை வந்தது. ஸ்டைன் ஒரு தேசிய மன்றத்தைத் தொடங்கிப் பாதுகாப்பு விதிகளை வகுத்தார். வெர்ன் எஸ்டெஸ் என்பவர் மோட்டார்களை மளமளவென அழுத்தித் தள்ளும் இயந்திரத்தைச் செய்து முடித்தார். இவர்கள் கண்ட வழி எளிமையானது: மருந்தைக் கையாளும் வேலை தேர்ந்த ஆலைக்கு, ராக்கெட்டை வடிவமைக்கும் வேலை பிள்ளைகளுக்கு. ஆபத்தையும் அறிவியலையும் இப்படிப் பிரித்து வைத்த பிறகே அது பள்ளிக்கூட மைதானத்துக்குள் நுழைய முடிந்தது.

ஏவும் நாளின் நடைமுறையும் அந்த விதிகளின்படிதான். ஒவ்வொரு ராக்கெட்டையும் பாதுகாப்பு அலுவலர் கையில் வாங்கி, துடுப்பை அசைத்து, மூக்கு எளிதில் கழல்கிறதா என்று பார்த்தபின் ஏவுமேடைக்கு அனுப்புவார். மேடையில் ஒரு மீட்டர் நீளக் கம்பி. ராக்கெட்டின் பக்கவாட்டில் ஒட்டிய சிறு குழல் அதில் கோத்து நிற்கும். பற்றவைப்பது தீக்குச்சியால் அல்ல, மின்கம்பி வழியே, குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நின்று. ஐந்திலிருந்து இறங்கி எண்ணுவது வேடிக்கைக்காக அல்ல. அத்தனை பேரும் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. பொத்தானை அழுத்தியும் பற்றவில்லையென்றால் ஒரு நிமிடம் யாரும் அருகே போகக் கூடாது. காற்றின் வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

எண்பது கிராம் ராக்கெட் ஒன்றில் சி6-5 பொருத்துவோம். அதன் உண்மையான கணத்தாக்கு சுமார் 8.8 நியூட்டன்-வினாடி, எரியும் நேரம் இரண்டு வினாடிக்குச் சற்றுக் குறைவு. கணத்தாக்கை, மருந்து எரியும்போது உள்ள சராசரி நிறையால் வகுத்து, புவியீர்ப்பு அந்த நேரத்தில் பிடுங்கிக்கொள்வதைக் கழித்தால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ நூறு மீட்டர். மேல்நோக்கி எறிந்த பொருளுக்கான பாடப்புத்தகச் சூத்திரத்தில் இதைப் போட்டு, மோட்டார் எரியும்போதே ஏறிய உயரத்தையும் கூட்டினால் 600 மீட்டர் அளவில் வரும். உண்மையில் அது போவது 300 மீட்டர் அளவுதான். மீதியைக் காற்று தின்றுவிடுகிறது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை எழுதிக்கொள்ளும். தான் போட்ட கணக்கில் பாதி உயரம் காணாமல் போனால் விடாமல் கேட்கும். துடுப்பின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து வளைவாக்கி, சாயத்தை வழவழப்பாக்கி மறுபடி ஏவினால் எத்தனை மீட்டர் கூடுகிறது என்பதை அன்றைக்கே பார்த்துவிடலாம்.

நேராகப் பறப்பது அடுத்த சிக்கல். எந்த ராக்கெட்டுக்கும் இரண்டு மையங்கள் உண்டு: எடை மொத்தமும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் ஈர்ப்பு மையம், காற்றின் பக்கவாட்டு விசை குவியும் அழுத்த மையம். ஈர்ப்பு மையம் முன்னால், அழுத்த மையம் பின்னால், இரண்டுக்கும் நடுவே குறைந்தது உடல் விட்டத்தின் அளவு இடைவெளி இருக்க வேண்டும். ராக்கெட் சற்றே சாய்ந்தால் காற்று அதன் பின்பக்கத்தைத் தள்ளி நேராக்கிவிடும். வரிசை மாறினால் அதே காற்று ராக்கெட்டைக் குட்டிக்கரணம் போட வைக்கும். தீபாவளி ராக்கெட்டின் நீளமான குச்சிக்கும் இதுதான் வேலை: எடையை அதிகம் கூட்டாமல் அழுத்த மையத்தை மிகவும் பின்னுக்கு இழுப்பது. குச்சியை ஒடித்துவிட்டுக் கொளுத்திய ராக்கெட் தெருவில் யார் வீட்டுக்குள் நுழையும் என்று சொல்ல முடியாமல் போவது அதனால்தான். மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளில் மூங்கில் கட்டியிருந்ததும் இதே காரணத்துக்காக.

அழுத்த மையத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கும் சூத்திரங்களை ஜேம்ஸ் பாரோமன் 1966-இல் ஒரு மாதிரி ராக்கெட் போட்டிக்கான ஆய்வாகத்தான் முன்வைத்தார். நாசாவில் ஆய்வு ராக்கெட்டுகளில் வேலை பார்த்தவர் அவர். இன்று கணினியில் கிடைக்கும் ராக்கெட் வடிவமைப்பு நிரல்கள் பெரும்பாலும் அந்தச் சூத்திரங்களின்மேல் நிற்கின்றன. கணக்கு வராத சின்னப் பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டு: மோட்டாரோடு ராக்கெட்டை ஈர்ப்பு மையத்தில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால் போதும். மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு சுற்றினால் அது பறக்கும். பின்னுக்குத் திரும்பினால் மூக்கில் கொஞ்சம் களிமண் வைக்க வேண்டும்.

உயரத்தை எப்படி அளப்பது? பத்தாம் வகுப்புக் கணக்கில் ஏற்றக் கோணம் வருகிறது. கோபுரமும் கலங்கரை விளக்கமும் வரைந்து மாணவர்கள் போடும் அதே கணக்குதான். ஏவுமேடையிலிருந்து 300 மீட்டர் தள்ளி, கோணமானியில் ஒரு குண்டு நூல் கட்டி நின்று, ராக்கெட் உச்சியில் இருக்கும்போது கோணம் 45 பாகை என்றால் உயரம் 300 மீட்டர். ஒரு பாகை தவறாகப் படித்து 46 என்றால் 311. நூறு மீட்டரிலேயே நின்றுகொண்டால் அதே ஒரு பாகைத் தவறு 18 மீட்டர் பிழையாகிவிடும். எங்கே நிற்பது என்பதும் அளவீட்டின் ஒரு பகுதி என்பது இங்கே தெரிந்துவிடும். ராக்கெட் காற்றுக்கு எதிர்முகமாகத் தலையைத் திருப்பும் குணம் கொண்டது. ஆகவே அது மேடைக்கு நேர்மேலே இருக்காது. இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்று அளந்தால் அந்தப் பிழையையும் பிடிக்கலாம்.

ராக்கெட்டுக்குள் காற்றழுத்த உணரி ஒன்றை வைத்து அனுப்புவது இன்னொரு முறை. நகம் அளவு உணரி. மேலே போகப் போக அழுத்தம் குறைவதை அளந்து உயரமாக மாற்றிச் சொல்லும். மதுரையில் இதைச் செய்தால் ஒரு நல்ல புதிர் கிடைக்கும். உணரியின் நிரல் பொதுவாகத் தரைமட்ட வெப்பநிலையை 15 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். மதுரை மாவட்டத்தில் கோடையில் விடிந்த கொஞ்ச நேரத்திலேயே 30 பாகை வந்துவிடுகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதே உயரத்துக்கு அழுத்தம் குறைவாகவே இறங்கும். ஆகவே 300 மீட்டர் போன ராக்கெட்டை உணரி 285 என்று சொல்லும். கோணமானி 300 என்கிறது, மின்னணுக் கருவி 285 என்கிறது. எதை நம்புவது? பிள்ளைகள் பெரும்பாலும் கருவியைத்தான் நம்புவார்கள். வெப்பநிலையைத் திருத்திக் கணக்குப் போட்டதும் அட்டைக் கோணமானி சொன்னது சரியென்று தெரியும்போது கிடைக்கும் அறிவு, எத்தனை செயற்கைக்கோள் படம் பார்த்தாலும் வராது.

உணரி ஏமாறும் இடம் இன்னொன்றும் உண்டு. பாராசூட்டைத் தள்ளும் வெடி, குழாய்க்குள் அழுத்தத்தைக் கண நேரம் ஏற்றிவிடும். உணரி அதை நம்பினால், ராக்கெட் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே விழுந்துவிட்டதாகப் பதிவாகும். நிரல் எழுதுபவர் இந்தத் துள்ளலைப் புறக்கணிக்கச் சொல்லித்தர வேண்டும். அதே சமயம் உண்மையான வீழ்ச்சியைப் புறக்கணித்துவிடக் கூடாது. எஸ்எஸ்எல்வியின் முதல் பயணத்தைக் கெடுத்தது இதே இனத்துச் சிக்கல்: அதிர்வில் துள்ளிய உணரியைக் கெட்டுப்போன உணரி என்று நிரல் எடுத்துக்கொண்டது. திருமங்கலம் மாணவிகளின் பலகையை இழக்கச்செய்த பிழையின் சிறு வடிவத்தை, அவர்கள் ஊர்க் கண்மாயிலேயே ஏவி, கண்டு, திருத்தியிருக்கலாம்.

கண்மாய் என்று சொன்னது சும்மா அல்ல. ஏவுவதற்கு வேண்டியது மின்கம்பியும் வீடும் இல்லாத அகன்ற வெளி. 300 மீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாராசூட் இறங்க 75 வினாடி ஆகும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வீசினால் அதற்குள் ராக்கெட் 375 மீட்டர் தள்ளிப் போய்விடும். நகரைச் சுற்றியுள்ள சமவெளியில் அத்தனை அகலமான வெற்றிடம் வற்றிய கண்மாய்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, பங்குனி சித்திரையில் அடிமண் வெடித்துக் கிடக்கும். அந்த மாதங்களின் விடியற்காலையில் காற்றும் அடங்கியிருக்கும். வைகாசி பிற்பகுதியில் மேல்காற்று தொடங்கிவிட்டால் ஆவணி வரை சிரமம். ஒன்பதரை மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. வெயில் ஏறியதும் தரையிலிருந்து வெப்பக்காற்று எழும்பும். பருந்துகள் சிறகடிக்காமல் வட்டமிடுவது அதில்தான். அதில் சிக்கிய பாராசூட் இறங்குவதற்குப் பதில் ஏறும். கண்மாய் நீர்வளத் துறையுடையதோ ஊராட்சி ஒன்றியத்துடையதோ, அனுமதி வாங்க வேண்டும். காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகள் அறவே கூடாது. காய்ந்த புல்லும் சீமைக்கருவேலமும் மண்டிய இடமும் கூடாது.

மோட்டார்தான் தடை. வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் மருந்து தயாரிப்பை உரிமத்துக்குள் வைத்திருக்கின்றன, அது சரியானதே. வீட்டில் மருந்து கலப்பதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கமாட்டேன். சிவகாசி வட்டாரத்தில் ஆண்டுதோறும் போகும் உயிர்கள், உராய்வும் வெப்பமும் பழகிய கைகளையே விட்டுவைப்பதில்லை என்று காட்டுகின்றன. ஆனால் அதே சிவகாசி மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. கருமருந்தை அழுத்தி அட்டைக் குழாயில் அடைப்பதில் மூன்று தலைமுறை அனுபவம் அங்கே இருக்கிறது. பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அலுவலகம் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து, உந்துவிசை வரைபடத்தோடு, பள்ளிகளுக்கென்று ‘ஏ’, ‘பி’, ‘சி’ வகுப்பு மோட்டார்களைச் சான்றளித்துத் தயாரிக்க ஓர் ஆலைக்கு வழிசெய்தால், சத்தத்துக்குப் பதிலாகத் துல்லியத்தை விற்கும் தொழில் ஒன்று அந்த ஊருக்குக் கிடைக்கும். நம் வெயிலுக்கான சோதனையும் அதில் சேர வேண்டும்: சூடேறிக் குளிர்ந்து சூடேறும் கருமருந்தில் விரிசல் விழும், விரிசல் விழுந்த மோட்டார் எரியாது, வெடிக்கும். கல்லூரி அளவில் வழி திறந்திருக்கிறது. 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் விண்வெளித் துறையின் இன்-ஸ்பேஸ் அமைப்பு தேசிய அளவிலான மாணவர் மாதிரி ராக்கெட் போட்டியை நடத்தியது. பள்ளிகளுக்கு இன்னும் இல்லை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உலக விண்வெளி வாரமான அக்டோபர் 4 முதல் 10 வரை இஸ்ரோ மையங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீர் ராக்கெட் போட்டி நடத்துவதுண்டு. இரண்டு லிட்டர் சோடா பாட்டில், கொஞ்சம் தண்ணீர், மிதிவண்டிப் பம்பு. நான்கு வளிமண்டல அழுத்தம் ஏற்றினால் தண்ணீர் வினாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் வெளியேறும். கருமருந்துப் புகையின் வேகம் 800 மீட்டர் அளவு. அதன் முன் இது சொற்பம்தான். ஆனால் பாட்டிலின் வாய் அகலம் என்பதால் தொடக்க உந்துவிசை 300 நியூட்டனைத் தொடும். பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்த எடையைப்போல் நாற்பது மடங்கு அது. கண் இமைப்பதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். சோடா பாட்டில்தான் வேண்டும். குடிநீர் பாட்டில் அழுத்தம் தாங்காது. கீறல் விழுந்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பாட்டிலைப் பிடித்திருக்கும் கொக்கியில் கயிறு கட்டி, பத்து மீட்டர் தள்ளி நின்று இழுத்து ஏவ வேண்டும்.

தண்ணீரே இல்லாவிட்டால் காற்று மட்டும் சீறி வெளியேறும், உந்துதல் போதாது. பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தால் தள்ளுவதற்குக் காற்று இருக்காது. நடுவில் எங்கோ, கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் அருகில், உச்ச உயரம் இருக்கிறது. பாட்டிலின் எடையும் அழுத்தமும் மாறினால் அதுவும் மாறும். ஒரு வகுப்பு மூன்று குழுவாகப் பிரிந்து, 200 மில்லிலிட்டரில் தொடங்கி நூறு நூறாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் மூன்று முறை ஏவி, ஏற்றக் கோணத்தைப் படித்து வரைபடத் தாளில் புள்ளி வைக்க ஒரு காலைப்பொழுது போதும்.